தம்பி கொடுக்காத கடிதம்

இன்று மத்தியானம் பெர்தொனே தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது அமெரிக்காவிலிருந்து தம்பி போன் எடுத்தான்.

பெரியக்காவின் மகன் களவாக எல்லை தாண்டிப் போய் அங்கே தடுப்பு முகாமில் இருக்கிறான். குடியுரிமை உள்ள சொந்தக்காரர் ஒருவர், தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தால் விடக்கூடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அங்கே எங்களுக்கு இருப்பது தம்பி மட்டும்தான்.

"சின்னக்கா, நான் குடுக்க மாட்டன். களவாய் வாறவையை விடக்கூடாது எண்டுதான் வோட்டுப் போட்டனான். நாடு எண்டால் ஒழுங்கு வேணும். சொந்தம் எண்டு அதை மாத்தேலுமோ?"

"நீ இஞ்சை விசா இல்லாமல் வந்து, என்ர மனுசன்ரை பிரெஞ்சு வதிவிடக் கார்ட்டிலை எட்டு மாசமும் பதினொரு நாளும் கோப்பை கழுவினனி. முதலாளி உன்னை அத்தான்ரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டவன். அது என்ன ஒழுங்கு?"



"அதுவும் பிழைதான் அக்கா. பிழை எண்டு தெரிஞ்சபடியால்தான் சொல்லுறன்."

மழுப்பியிருந்தால் ஏசிவிட்டு வைத்திருப்பேன். அவன் மனதாரச் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

மெத்ரோவுக்கு நடக்கும்போது ஊரிலிருந்து பெரியக்கா எடுத்தாள்.

"தம்பி என்னவாம்?"

"லைன் கிடைக்கேல்லை அக்கா."

"அவன் குடுப்பான். நான் தூக்கி வளர்த்த பிள்ளையல்லோ."

பெரியக்காவுக்குப் பேஸ்புக் இல்லை, இதைப் பார்க்க மாட்டாள். நாளைக்கும் எடுப்பாள். அமெரிக்காவில் லைன் எத்தனை நாளைக்குப் பழுதாக இருக்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.