பூட்டிய கதவுக்குள் ஆள் உண்டு

இப்போது எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அகலமான நடைபாதை, லிஃப்ட், மாடிக்கு மாடி வெளிச்சம். நகரத்தின் நடுவில் இப்படி ஓர் இடமா என்று நின்று படம் எடுக்கிறார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக இடித்து, கட்டி, பாதியில் நிறுத்தி, மறுபடி கட்டிய இடம் இது. அத்தனை வருஷமும் நாங்கள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டு காத்திருந்தோம். திறப்பு விழாவில் மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். ரொட்டி அக்காவின் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதனால்தான் தையலை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அக்கா ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசையும் மெஷினில் நின்றவள். ராத்திரி வேலை. விடிந்ததும் முடியெல்லாம் மாவோடு படியேறி வருவாள். எங்கள் மாடியில் பாதிப் பேர் அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், காவலாளிகள். பகல்தான் அவர்களுக்குத் தூக்கம். பழைய கட்டடத்தில் கூரை ஒழுகும், மாடிக்கு ஒரே குழாய், எந்தக் கதவிலும் உள்தாழ்ப்பாள் ஒழுங்காகப் பிடிக்காது. லேசாகத் தள்ளினால் திறந்துகொள்ளும். அதனால் படுக்கும்போது வெளியே பூட்டச் சொல்லிவிடுவார்கள். பூட்டுவது நான். வீட்டிலேயே தைப்பதால் பகல் முழுக்க அங்கேதான் இருப்பேன். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அதையெல்லாம் யோசிக்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. பூட்டிய கதவை எவன் தட்டினாலும் உள்ளே இருப்பவர் மூச்சு விடக்கூடாது. சாமான் விற்பவனோ, விலாசம் கேட்பவனோ, தட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தொலைவான்.

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காரர்கள், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்க்க வந்தது பகலில். வேறு எப்போது வருவார்கள்? அன்றைக்கென்று பார்த்து நான் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்தால், பூட்டிய கதவுகளில் எல்லாம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. 'ஆள் இல்லாத வீடு.'

ஓடிப்போய் அக்காவின் பூட்டைத் திறந்தேன். அவள் பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தட்டு தட்டுன்னு தட்டினாங்கடி. தும்மல் வந்துச்சு, மூக்கைப் பிடிச்சு அடக்கிட்டேன். 'யாரும் இல்ல, ஒட்டிடு'ன்னு சொல்லிட்டுப் போறான். நல்லா ஏமாந்தான்!"

"ஏமாந்தது அவன் இல்லக்கா, நாமதான்" என்று தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்தேன்.

ஆள் இருக்கும் வீட்டுக்குப் புதுக் கட்டடத்தில் வீடு உண்டு. ஆள் இல்லாத வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. அவ்வளவுதான் அவர்கள் விதி. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இங்கே வீடு போனால் நகரத்துக்கு வெளியேதான் இடம் தேட வேண்டும். அங்கிருந்து ராத்திரி வேலைக்குப் பஸ் கிடையாது. ஆக, வீட்டோடு வேலையும் போகும். கட்டிக்கொடுத்த மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிப் போனில் அழுதாள்.

"மருமகன் வீட்டுல நான் எந்த மூலையிலடி உட்காருவேன்? வைடி போனை" என்றாள் அக்கா.

மறுநாள் நானும் அவளும் திட்ட அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடி ஆள் அனுப்புறோம்மா. எந்த நாள்னு சொல்ல முடியாது. பகல்ல கதவைத் திறந்து வெச்சு முழிச்சிட்டு இருங்க."

"எத்தனை நாளைக்கு சார்?"

"அவங்க வர்ற வரைக்கும்."

"அப்ப நாங்க எப்ப தூங்குறது?"

"அது உங்க சௌகரியம்மா."

அக்கா எழுந்துகொண்டாள். வாசல் படி இறங்கும்போது, "வீடு இல்லன்னு எழுதினவனே படுக்க இடமும் குடுக்கட்டும்" என்றாள்.

அடுத்த காலை அவள் வீட்டுக்கு வரவில்லை. ராத்திரி வேலைக்காரர்கள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டாள். தலையணையும் போர்வையும் நான் சுமந்து போனேன். காத்திருக்கும் கூடத்தில், நாற்காலிகளுக்கு நடுவே வரிசையாக விரித்துப் படுத்தார்கள்.

வாசல் காவலாளி பதறினான். "ஏம்மா, இது ஆபீஸும்மா! எழுந்திருங்க!"

"எங்களுக்கு வீடே இல்லன்னு இந்த ஆபீஸ்தானேப்பா சொல்லுது? வேற எங்க போய்ப் படுக்குறது? உள்ள கேட்டுட்டு வந்து சொல்லு" என்றவள் என் பக்கம் திரும்பி, "ஏசி வேற போட்டிருக்காங்கடி, சுகமா இருக்கு" என்றாள்.

மூட்டை தூக்கும் அண்ணனின் குறட்டையில் உள்ளே டைப் அடிப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேலையாக வந்த ஜனங்கள் காலைத் தூக்கித் தாண்டிப் போனார்கள். என்ன ஏது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் வாசலில் உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். போலீஸைக் கூப்பிடுவதாக மிரட்டிப் பார்த்தார்கள். "கூப்பிடுங்க, அவங்களாவது நாங்க இருக்கோம்னு எழுதுவாங்க" என்றாள் அக்கா.

கடைசியில் அதிகாரியே கூடத்துக்கு வந்தார். அக்காவின் பக்கத்தில் குந்தி, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, உங்களுக்கு மட்டும் நான் ஒரு வீடு பார்த்துத் தர்றேன். கீழ்மாடி, நல்ல வீடு. இவங்களைக் கூட்டிட்டுப் போயிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன, கண் உள்ளே போயிருந்தது. அவள் தலையாட்டியிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால், தலையாட்டிவிடு அக்கா என்றுதான் எனக்கு இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"இவங்க எல்லாருக்கும் வீட்டை எழுதிட்டு, கடைசியா என்னை எழுப்புங்க சார்" என்று சொல்லிப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அதிகாரி ஒவ்வொருவராக எழுப்பி, 'ஆள் இருக்கும் வீடு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அக்காவைக் கடைசியாகத்தான் எழுப்பினார்.