குறை சொல்லாமல் ஒரு சைக்கிள்

எதிரே நிற்பது எதுவானாலும் கௌலத் முதலில் அதன் பின்பக்கம் போய்விடுவார். ஃபிரிட்ஜ் வாங்கப் போன கடையில் அதைத் திருப்பி நிறுத்தச் சொல்லி, துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு முதுகைத் தடவிப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தார். மகள் ரஸியாவைப் பெண் பார்க்க வந்த பையனைச் சுற்றி வந்து பார்ப்பது மரியாதையாக இருக்காதே! "தம்பி, அந்தக் கோடியில இருக்கற தண்ணிச் சொம்பக் கொஞ்சம் எடுத்தாறீங்களா?" என்று அனுப்பிவைத்து, போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் நடையைப் பார்த்துக்கொண்டார். நடை சுத்தமாக இருந்தது. கல்யாணமும் நடந்தது.

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையை ஒட்டித் தவிடும் புண்ணாக்கும் விற்கும் கடை அவருடையது. அவரைப் பெற்ற அத்தா இதே சந்தையில் மாட்டுத் தரகராக இருந்தவர். நாற்பத்தாறு வயது கௌலத் நடை பழகியதே மாடுகளின் கால்களுக்கு நடுவில்தான். பல் பார்ப்பது, சுழி பார்ப்பது, திமிலைத் தட்டுவது எல்லாம் கேட்காமலேயே கைக்கு வந்து ஒட்டிக்கொண்டன. கூடவே சந்தையின் இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. வாங்க வந்தவர் 'நல்ல மாடு' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே விலை ஏறிவிடும். அதனால் மாடு எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு குறை சொல்ல வேண்டும். விற்பவரும் விடாமல் எகிற வேண்டும். வாங்குபவர் கோபித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். விற்பவர் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட வேண்டும். இத்தனையும் முறையாக நடந்தால்தான் அது வியாபாரம்.

சந்தைக்கு வெளியிலும் உலகம் இப்படித்தான் நடக்கிறது என்பது கௌலத்தின் எண்ணம். கல்யாண வீட்டில் மூன்றாவது முறையாகப் பிரியாணியைக் கேட்டு வாங்கிக்கொண்டே, "அரிசி கொஞ்சம் குழைஞ்சு போச்சுங்க" என்பார். அவரைத் தெரிந்த சமையல் பண்டாரி அதைக் கேட்டுப் பூரித்துப்போவார். கணவர் தாவூத்தின் மீசை, குறட்டை, கணக்குப் போடும் வேகம் எல்லாவற்றிலும் கௌலத் தினமும் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அது ஒருநாளும் நின்றதில்லை என்பதால் தாவூத் நிம்மதியாக இருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு சைக்கிள் ஆசை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கேரள எல்லையைத் தாண்டிக் கூட்டமாக வரும் சைக்கிள்காரர்கள் கடைக்கு எதிரேதான் டீ குடிப்பார்கள். அதில் பெண்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி சுவரில் சாய்த்து வைத்திருந்த வண்டி சரிந்து விழப் போனது. கௌலத் ஓடிப்போய்ப் பிடித்தார். தவிட்டு மூட்டையைத் தூக்கிப் பழகிய கை, வண்டியைத் தலைக்கு மேலேயே தூக்கிவிட்டது. "அட, இதென்னங்க, கன்னுக்குட்டிக்குக் கூட இதவிடக் கனம் இருக்குமே!" என்று அசந்துபோனார். அன்று இரவு சாப்பிடும்போது, இந்த மாதிரி வண்டியில் ஏறி அந்தப் பெண்களோடு போக வேண்டும் என்று அறிவித்தார். தாவூத் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்.

ரஸியா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிய பழைய சைக்கிளில் பயிற்சி தொடங்கியது. சந்தை இல்லாத நாட்களில் அந்த மைதானம் காலியாகத்தான் கிடக்கும். சுடிதாரின் கால் பகுதியை மூட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, தலைத்துணியை ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு, மாடு கட்டும் முளைக்குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டினார். விழுந்தார், எழுந்தார். முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பழைய சைக்கிளைத் திட்டினார். நன்றாக ஓட்ட வந்துவிட்டது என்று தாவூத்துக்குப் புரிந்தது.

புது வண்டி கட்டுப்படியாகாது என்பதால், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதைத் தேடினார்கள். மூன்று பார்த்தார்கள். மூன்றும் கைவிட்டுப் போயின. ஒவ்வொரு முறையும் கௌலத் வண்டியைச் சுற்றி வந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, விற்பவர் பதில் பேசக் காத்திருந்தார். அவர்கள் பதில் பேசவில்லை. "பாத்துச் சொல்றேங்க்கா" என்று கிளம்பியவர்கள் அதற்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை. "நல்ல வெல கெடச்சிருக்கும். அதான் போயிட்டானுங்க" என்று கௌலத் பெருமூச்சு விட்டார். தாவூத் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்: "நாலாவதும் தட்டிப் போச்சுன்னா ஸ்கூட்டருதான் புள்ள. எனக்கும் கடைக்கு ஒண்ணு வேணும்."

நாலாவது வண்டி பின்சியுடையது. பின்சி சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நல்ல உயரம். அவசரப்பட்டு அளவு பார்க்காமல் வாங்கிய முதல் வண்டி அது. முட்டி இடிக்கிறது என்று வேறு வாங்கிவிட்டதால் இதை விற்கிறாள். விலையை முன்பே போனில் சொல்லியிருந்தாள். காரின் டிக்கியிலிருந்து இறக்கி, கழற்றி வைத்திருந்த முன் சக்கரத்தை மாட்டி, சந்தை மைதானத்தில் ஒரு முளைக்குச்சியில் சாய்த்து நிறுத்தினாள். நீல நிறம். காலை வெயிலில் அது நின்ற நிற்பிலிருந்து கௌலத்தால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வழக்கப்படி பின்பக்கம் போனார். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, அது பிரேக் கட்டையில் உரசாமல், கோணாமல் ஓடுகிறதா என்று ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்தார். பல்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். குழாய்கள் சேரும் இடங்களில் நகத்தால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பெடலைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. பிறகு காலைத் தூக்கிப் போட்டு நின்றார். மற்ற மூன்று வண்டிகளிலும் எம்பித்தான் நிற்க முடிந்தது. இதில் இரண்டு பாதமும் முழுதாக மண்ணில் பதிந்தன.

"ஓட்டிப் பாருங்கக்கா" என்றாள் பின்சி.

ஓட்டினார். மைதானத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், யாரும் பார்க்க முடியாத இடத்துக்குப் போனதும் கௌலத் வாய்விட்டுச் சிரித்தார். தொட்டிக்கு அந்தப் பக்கமாகவே இன்னொரு வட்டம் அடித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. அந்தப் பெண்களோடு வரிசையில் போவது போலவும், பாலக்காட்டுச் சாலை முழுக்கத் தனக்கே திறந்துவிட்டது போலவும் இருந்தது. திரும்பி வரும்போது முகத்தைத் துக்க வீட்டுக்குப் போவது போல வைத்துக்கொண்டார்.

"என்னுங் கண்ணு, கொம்பு ரெண்டும் இப்படிக் கீழ பாத்து மடங்கிக் கெடக்குது?" என்று கைப்பிடியைக் காட்டித் தொடங்கினார்.

"ஆமாக்கா. பழகுதவரைக்கும் முதுகு வலிக்கத்தான் செய்யும்" என்றாள் பின்சி.

கௌலத்துக்கு ஒரு கணம் திகைப்பு. விற்கிறவள் இப்படியா பேசுவாள்? சரி, சின்னப் பெண், போகப் போக எகிறுவாள் என்று அடுத்ததற்குப் போனார். "பல்லெல்லாம் தேஞ்சு போச்சுங்களே!"

"தேஞ்சிருக்கா? நான் கவனிக்கலையேக்கா." பின்சி மண்ணில் மண்டியிட்டுக் கவலையோடு பார்த்தாள்.

"சீட்டப் பாரு, வெறும் எலும்பு. ஸ்டாண்டு இல்ல. ஒரு கிலோ தவிடு வெக்கக் கேரியரு கூட இல்ல. டயரு இந்த ஒல்லிக்கு எங்க வாசப்படி தாண்டுமா?" கௌலத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு குற்றம் அவர் தாவூத்துக்குக்கூடச் சேர்ந்தாற்போல் சொன்னதில்லை. எல்லாவற்றுக்கும் பின்சி தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் கௌலத் துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு, "இத எவன் வாங்குவான்!" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்த்து நடந்தார்.

முதல் சில அடிகள் விறைப்பாக இருந்தன. பின்னாலிருந்து குரல் வரவில்லை. நடையைக் கொஞ்சம் தளர்த்தினார். அப்போதும் வரவில்லை. காலில் முள் எதுவும் குத்தாமலேயே நின்று செருப்பைக் கழற்றித் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார். கடை வாசலில் தவிடு நிறுத்துக்கொண்டிருந்த தாவூத் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அது கார் டிக்கி திறக்கும் சத்தம்.

கௌலத் திரும்பினார். பின்சி முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு பண்ற?"

"இல்லக்கா, நீங்க சொல்லுததெல்லாம் கேட்டா இவ்வளவு குத்தமுள்ள வண்டிய ஒங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல. புதுசா ஓட்டப் பழகுதீங்க. நல்லதாப் பாத்து வாங்கிக்கோங்க. பரவால்ல, ஒண்ணும் நெனைக்க மாட்டேன்." உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். வண்டியைத் தூக்கி உள்ளே கிடத்தினாள்.

கௌலத்துக்கு அப்போதுதான் அந்த மூன்று பேரின் முகமும் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒருவரும் விலைக்காகப் போகவில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்பித்தான் போனார்கள்.

"சொல்லிப்போடு புள்ள," தராசை விடாமல் தாவூத் சத்தம் போட்டார். "அந்தப் புள்ள மாடு விக்க வரலை!"

அந்த ஒரு சொல்லைச் சொல்ல கௌலத் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. "இந்த டிக்கி கூட..." என்று வாய் தானாகவே காரைக் குறை சொல்லத் தொடங்கியது. பின்சி டிக்கியின் மூடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கௌலத் ஓடினார். மூடிக்கு அடியில் கையை விட்டு, நீலக் கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"புடிச்சிருக்குதுங் கண்ணு!" என்று மைதானமே கேட்கும்படி கத்தினார். "கொம்பு அழகு. பல்லு ஒண்ணும் தேயல, நாம் பொய் சொன்னேன். காலு மண்ணுல எட்டுது கண்ணு, எனக்குக் காலு எட்டுது! அந்தத் தொட்டிக்கு அக்கட்ட போயி நாஞ் சிரிச்சேன், ஆணையாச் சொல்றேன். நீ சொன்ன வெலையே வெல!"

கடை வாசலில் தாவூத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சிரிப்பை அடக்க அவரால் முடியவில்லை.

பின்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு நேரம் திட்டியவர் கண்ணில் இப்போது தண்ணீர் நிற்கிறதே! வண்டியை மறுபடி இறக்கி, சக்கரத்தை மாட்டி, துணியால் ஒரு முறை துடைத்துக் கொடுத்தாள். நல்ல பெண்ணாயிற்றே, மனசு கேட்காமல், "அக்கா, நல்லா யோசிச்சுக்கோங்க. வேற ஏதாச்சும் குத்தம் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

பின் சக்கரத்துக்கு மேலே, குழாயின் உட்புறத்தில், நகக்கண் அளவுக்குப் பெயின்ட் உரிந்திருந்தது. கௌலத்தின் பார்வை நேராக அங்கே போயிற்று. உதடு பிரிந்தது. வலது கை கைப்பிடியை இறுக்கிக்கொள்ள, இடது கை விருட்டென்று எழுந்து அவருடைய வாயைப் பொத்திக்கொண்டது.