வராத காருக்குச் சமதளம்

ஷோபாவுக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. கோபம் அவளிடம் வெகுகாலமாகவே குடியிருந்தது. புது வீட்டு பிளானைப் பார்த்த அன்றுதான் அது வெளியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது.

பிளானைக் கொண்டுவந்தவர் இஞ்சினியர் கௌதம். கோயம்புத்தூரில் படித்துவிட்டு போர்ட் பிளேருக்குத் திரும்பியவர். மனையின் மேல்பக்கம் சாலை. அங்கிருந்து மனை தென்கிழக்கே லேசாகச் சரிந்து போகும். அந்தச் சரிவுக்கு ஏற்ப வீட்டையும் மூன்று தட்டாக இறக்கியிருந்தார். மேல்தட்டில் கார் ஷெட். நடுத்தட்டில் ஹாலும் படுக்கையறையும்.

"கிச்சன் எங்க?" என்றாள் ஷோபா.

"கீழ்த்தட்டுல, மேடம். ஹால்லேர்ந்து கொஞ்சம் படி இறங்கணும்."

"சாப்பிடற எடம்?"

"ஹால்லதான்."

"அப்ப சோத்துப் பானை தினமும் படியேறி வரணும்."

"ஸ்லோப் லேசுதான், மேடம்."

மனையை விற்றவரும் இதையேதான் சொன்னார். கணவர் நந்தகுமாரும் அதையே திருப்பிச் சொன்னார். இந்தத் தீவில் எந்த ஆணைக் கேட்டாலும் சரிவு லேசுதான். ஷோபாவின் முழங்கால்களை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவை வேறு விதமான வரலாற்றைச் சொல்லியிருக்கும். பாராடாங் தீவில் பிறந்த வீடு மேட்டில், கிணறு பள்ளத்தில். கல்யாணமாகி வந்த அரசாங்க குவார்ட்டர்ஸ் குன்றின் உச்சியில், தண்ணீர் வரும் குழாய் அடிவாரத்தில். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு வாளியுமாக அவள் ஏறிய ஏற்றத்தை எல்லாம் ஒன்றுசேர்த்தால் இமயமலை கொஞ்சம் கூச்சப்படும். இப்போதிருக்கும் குட்வில் எஸ்டேட் வாடகை வீடு மாடியில். அபர்டீன் பஜாரில் அவள் நடத்தும் தையல் கடையும் மாடியில். சொந்த வீடு என்றால் அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் ஒரு படிகூட இருக்கக் கூடாது. வாழ்க்கையிடம் அவள் வைத்த கோரிக்கை இது ஒன்றுதான். நகை கேட்டிருந்தால்கூட இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது.

"கிச்சனைக் கீழ தள்ளினது யாரு?"

கௌதம் பணிவாகத் தங்கையாவைப் பார்த்தார். தங்கையா நந்தகுமாரின் அண்ணன், சாலை கான்ட்ராக்டர். செல்போன் வீடியோக்களில் வாஸ்து கற்றுத் தேர்ந்தவர்.

"அக்னி மூலை தென்கிழக்குலதாம்மா. அதுல கை வைக்கக் கூடாது. டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம்."

"சரி அத்தான். மேல நல்ல சமதளமா ஒரு எடம் இருக்கே, அது யாருக்கு?"

"காருக்கு," என்றார் நந்தகுமார்.

"எந்தக் காருக்கு?"

அது நியாயமான கேள்வி. நந்தகுமாரிடம் கார் இல்லை. ரிட்டயர் ஆனதும் வாங்குவார். அது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும். அவருக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் வெள்ளை நிறம் என்பது மட்டும் முடிவாகியிருந்தது.

"காருக்கு முழங்கால் வலியா? அதை எதுக்குச் சமதளத்துல நிறுத்தணும்?"

"சரிவுல நிறுத்தினா உருண்டுடும், ஷோபா."

"சக்கரத்துக்கு ஒரு கல்லு வைங்க. இந்த ஊர்ல பாதி வண்டி அப்படித்தானே நிக்குது?"

"புது வண்டிக்குக் கல்லா? பார்க்க நல்லாவா இருக்கும்?" என்று தங்கையா சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். வராத கார் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஜெயித்தது.

மனையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் ஷோபா அடுப்பு, பால், டீத்தூள், பிஸ்கட் சகிதம் வந்து இறங்கினாள். கோபம் தணிந்துவிட்டது என்று ஆண்கள் மகிழ்ந்தார்கள். ஆண்கள் மகிழ்வதற்கு அதிகம் தேவைப்படுவதில்லை.

கீழே கிச்சன் என்று கோடு போட்ட சதுரத்துக்குள் அடுப்பை வைத்தாள். பிறகு மேலேறி வந்து ஹால் சதுரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீ எங்கம்மா?" என்றார் தங்கையா.

"கிச்சன்ல, அத்தான். ஏங்க, போட்டு எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு நீங்க ஷோபா, நான் நந்தகுமார்."

எல்லோரும் சிரித்தார்கள். நந்தகுமாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் வழுக்கியது. டிரேயோடு ஏறி வந்தவரை ஷோபா தடுத்தாள்.

"சுவர் வழியா வர்றீங்களே? வாசல் அந்தப் பக்கம்."

அவர் திரும்பிப் போய், கோட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக நுழைந்தார்.

"அத்தானுக்குச் சர்க்கரை போடக் கூடாதே, மறந்துட்டீங்களா?"

இறங்கினார். ஏறினார்.

"பிஸ்கட்?"

இறங்கினார். கார் ஷெட்டில் நூல் பிடித்துக்கொண்டிருந்த மிஸ்திரி, "தாதா, தோடா பானி" என்று தண்ணீர் கேட்டார். நந்தகுமார் அவரைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது.

"சரிவு லேசுதாங்க, போயிட்டு வாங்க," என்றாள் ஷோபா.

தண்ணீர்ச் செம்போடு பாதி தூரம் ஏறியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கி முடித்ததும்தான் பேச்சு வந்தது.

"கௌதம், கார் ஷெட் எடத்துல கிச்சன் வருமா?"

"வரும் சார். ஆனா கார்..."

"கல்லு வச்சுக்கலாம்."

"சாப்பாட்டு மேஜையும் அங்கதான். நடுவுல படி வரக் கூடாது," என்றாள் ஷோபா.

"அரே, அக்னி மூலை?" என்று தங்கையா பதறினார்.

"அந்த ரூமுக்கு மட்டும் தென்கிழக்கு மூலை இல்லாம போயிடுமா அத்தான்? அடுப்பை அந்த மூலையில வைங்க."

தங்கையா செல்போனைத் துழாவினார். அப்படியும் ஒரு வீடியோ இருப்பதாக வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். மிஸ்திரி பழைய கோடுகளைத் துடைப்பத்தால் அழித்தார்.

அடுப்பை எடுத்துவரக் கீழே போன நந்தகுமார் திரும்பி வரவில்லை. கீழ்த்தட்டில் நின்று, மேலிருந்து பார்வையை மறைத்த மரக்கிளைகளுக்கு அடியில் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷோபா! இங்கேர்ந்து கடல் தெரியுது! இது என் ரூம்."

"பெரிய ஜன்னலா போட்டுடலாம் சார்," என்றார் கௌதம்.

ஷோபாவின் கோபம் எழுந்து மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தது. அந்த அறை கிச்சனாக இருந்தவரை அதற்குப் புகை போக ஒரு துவாரம்தான் வரைந்திருந்தார்கள். கடல் என்று ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை.

"ஷோபா," கீழேயிருந்து குரல் குழைந்தது, "இங்க உக்காந்து ஒரு டீ குடிச்சா..."

ஷோபா புதிய கிச்சன் கோட்டுக்குள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"டீ இனிமே மேலதான். சரிவு லேசுதான், ஏறி வாங்க. வரும்போது அடுப்பையும் தூக்கிட்டு வாங்க."