நாற்பது தாள்

காத்தமுத்து, விஜயகலாவுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். வாங்கிய கடன் அல்ல, குடித்துத் தீர்த்த கடன். அவன் மனைவி மூக்காயி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்குச் சீட்டுப் பிடித்தாள். விஜயகலாவின் முறை வந்தது. தையல் மெஷினுக்கென்று காத்திருந்தவளிடம் கொடுக்கச் சொல்லி, மூக்காயி பணத்தை இவன் கையில் கொடுத்தாள். இவர்களிலிருந்து நாலாவது வீடுதான் அவளுடையது. பணம் போய்ச் சேரவேயில்லை.

மூக்காயி கேகாலையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். “அவ கையில காச வச்சிட்டு எனக்குப் போன் போடு” என்பதுதான் கடைசிப் பேச்சு. பீலிக் குழாயில் இவன் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் தோட்டத்துக் கிளப்புக்குப் படித்த சேர் ஒருவர் வந்து, வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேசினார். தினமும் கொஞ்சம் செய்ய வேண்டுமாம். ஒரு நாள் தவறினாலும் மறுநாள் தவறக்கூடாதாம். காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தைந்து வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்கா இந்தப் பாடம்? பட்டையை நூல் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் மரம் காயப்படும். கத்தியை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பால் கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான்; ஆனால் புது ஆட்களுக்குக் கங்காணி காட்டுவது யார் வெட்டிய மரத்தை? அதில் ஒரு காயத்தைக் காட்டட்டும், பார்ப்போம்!

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் சுருக்கென்றது. மரத்துக்குப் பார்த்த பக்குவத்தைத் தன் தொண்டைக்கு ஒரு நாளும் பார்த்ததில்லையே.

மறுநாளிலிருந்து குடிக்கிற இருநூறு ரூபாய் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. அன்றைக்கு ருவான்வெல்லையில் பாறூக் முதலாளி கடையில் மூட்டை தூக்கினான்.

“என்னாண்ணே, சாமியாராப் போறீங்களா?” என்றான் கூடக் குடிக்கிற சுதாகரன்.

“போனா மொத விபூதி ஒனக்குத்தான்டா.”

கூட்டாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவர்களும் கூப்பிடவில்லை. ஒரு ஆளுக்குச் சோறாக்கினால் பானையில் பாதிகூட நிறைவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவருக்கு இவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

தீபாவளியன்று மூக்காயியிடமிருந்து போன் வருமென்று சாயங்காலம் வரை பார்த்தான். வரவில்லை. குடித்தான். மறுநாள் தலை இடிக்க இடிக்க நானூறு போட்டான்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்தின நாள், சில்லறையையெல்லாம் பாறூக் முதலாளியிடம் ஆயிரம் ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு விஜயகலாவின் வாசலில் போய் நின்றான்.

“படியில வச்சிட்டுப் போங்க” என்றாள் அவள்.

“வைக்க மாட்டேன். கையிலன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. கைய நீட்டு தங்கச்சி.”

“குடிச்சிருக்கீங்களா?”

“மோந்து பாரு!”

வந்த சிரிப்பை அவள் உதட்டுக்குள் அடக்கினாள். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு நீட்டினாள். இத்தனை மாதத்தில் அந்த லயத்தில் அவன் பக்கமாக நீண்ட முதல் கை.

காத்தமுத்து விரலை நாக்கில் நனைத்துக்கொண்டான். கடைசி வீடு வரை கேட்க வேண்டுமென்றே சத்தமாக எண்ணி, ஒவ்வொரு தாளாக வைத்தான். முப்பதைத் தாண்டியதும் விரலை மறுபடியும் நனைத்துக்கொண்டான்.

“முப்பத்தொம்பது… நாப்பது.”