கொடுக்கு இல்லாத நண்டு

பிரான்சிலிருந்து பெரியம்மா வரும்போதெல்லாம் எங்களுக்குச் சாக்லேட்டும் வாசனை சோப்பும் வரும். அந்த ஜூலையில் கூடவே அண்ணனும் வந்தான். பெரியம்மாவின் ஒரே மகன். என்னைவிட ஐந்து வயது மூத்தவன். கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகியும் ஜன்னலோரக் கட்டிலை விட்டு அவன் இறங்கவில்லை. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான். தமிழ் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் தம்பியும் பரிதாபப்பட்டோம்.

அவன் பெட்டியில் இருந்த தடித்த புத்தகத்தைக் கண்டுபிடித்தது தம்பிதான். அட்டையில் ஒரு ரோபோ, மாதாகோயில் கோபுரத்தைவிட உயரமாக நடந்துபோய்க்கொண்டிருந்தது. அது ஒரு விளையாட்டாம். ஆளுக்கொரு ரோபோவைத் தாளில் வரைந்து கட்ட வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் பகடை உருட்டி, அந்தக் கதைக்குள் தங்கள் ரோபோவை நடத்திப் போக வேண்டும். புத்தகம் முழுக்க பிரெஞ்சு. எங்களுக்காக அதை ஒற்றை ஒற்றை வார்த்தையாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்த அண்ணன் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துப்போனான்.

"நம்ம வீட்டுக்கு நாமளே ரூல் போட்டுக்கலாம்" என்றான். அவன் எங்களிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

ஆளுக்குப் பத்துப் புள்ளி. ஒரு காலுக்கு ஒன்று, ஒரு கைக்கு ஒன்று, மிச்சம் உயரத்துக்கு. கால் குறைந்தால் வேகம் கூடும், ஆனால் சுலபமாக விழும். விழுந்த ரோபோ தானாக எழ முடியாது. இன்னொரு ரோபோ உதவ வேண்டும், அதற்குக் கை வேண்டும். மூன்று பேரும் சம்மதித்தால் மட்டுமே விதி மாறும். நான் இரண்டு கால், இரண்டு கை வைத்து, மீதியை உயரத்தில் கொட்டினேன். தம்பி பத்தையும் காலுக்கே கொடுத்துவிட்டான். நண்டாம்.

"கொடுக்கு இல்லாத நண்டா?" என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அது நடக்கும். அவ்ளோதான்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் கதையைத் தொடங்கினான். பெருமழையில் அரியாங்குப்பம் பாலம் உடைந்துவிட்டது. அக்கரையில் மாட்டிக்கொண்ட ஜனங்களை முதுகில் ஏற்றி இக்கரை சேர்க்க வேண்டும். நான் ஒரு கூட்டத்தையே ஏற்றிக்கொண்டேன். எங்கள் கணக்கு டீச்சரையும் சேர்த்து. நடு ஆற்றில் பகடை என்னைக் கைவிட்டது. ரோபோ குப்புற விழுந்தது.

"தண்ணி ஏறுது" என்றான் அண்ணன், கொஞ்சமும் இரக்கமில்லாமல்.

தூக்கிவிட நண்டுக்குக் கை இல்லை. ரூலை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். தம்பி சம்மதிக்கவில்லை. "சிரிச்ச இல்ல?" என்றான். பகடையைத் தூக்கி எறிந்துவிட்டு அழத் தொடங்கினேன். டீச்சர் மூழ்கிக்கொண்டிருந்தார்.

நான் எறிந்த பகடையைப் பொறுக்கிக்கொண்டு வந்த தம்பி, "ரூல மாத்த வேணாம். என் நண்டு தண்ணிக்குள்ள படுத்துக்கும். அது முதுவுல உன் கைய ஊனி நீ எழுந்துக்கோ" என்றான்.

அண்ணன் கட்டில்மேல் எழுந்து நின்று "வொலா! வொலா!" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டே குதித்தான். நாங்களும் என்ன அர்த்தம் என்று கேட்காமல் சேர்ந்து கத்தினோம்.

அடுப்படியிலிருந்து பெரியம்மா ஓடிவந்தார். தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் நினைவு வந்து நானும் தம்பியும் கப்சிப்பென்று ஆனோம். அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. பெரியம்மா கதவருகில் நின்று அவனையே பார்த்தார். திட்டவில்லை. கண்கள் நிறைந்திருந்தன.

"என்னாக்கா ஆச்சி?" என்று அம்மா பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணும் இல்லடி. புள்ள கத்தறான். அங்க ரூம் கதவையே தொறக்க மாட்டான். அவன் கொரலே எனக்கு மறந்துபோச்சி."

மகன் மானத்தை வாங்கிவிட்டான் என்று அழுகிறார் போலும் என நினைத்துக்கொண்டு நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணன் மேல தப்பு இல்ல பெரியம்மா. இனிமே மெதுவா விளையாடறோம்."

பெரியம்மா என் தலையை வருடினார். "வேணாம்மா. நல்லாக் கத்துங்க."

மறுநாள் பள்ளியில் தோழிகளிடம், பிரான்சில் பிள்ளைகள் கத்தினால் பெரியவர்கள் திட்ட மாட்டார்கள், ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள் என்று விளக்கினேன். அப்படியென்றால் அங்கே வீடுகளில் ஒரே சத்தமாக இருக்குமே என்று ஒருத்தி கேட்டாள்.

காதே கிழிந்துவிடும் என்றேன்.