அம்மா எடுத்த கறுத்த பழம்

அண்ணனுக்கு ஆட்டிசம் என்று தேனி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அது நாலு மாத்திரையில் போய்விடும் என்றுதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். போகவில்லை. கம்பத்துக்குப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். மருந்தடிக்கும் மிஷின் ஓடத் தொடங்கினால் அண்ணன் தலையைச் சுவரில் மோதுவான். சுவருக்கும் தலைக்கும் நடுவில் அம்மா தன் கையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். அவள் புறங்கை வீங்கியே கிடக்கும். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கோயில் சொன்னார்கள். வாயில் இருந்த தாராளம் யாருக்கும் கையில் இல்லை.

தேனியில் மனநல ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் போய்வந்தோம். தான் டாக்டர் இல்லை என்று அவரே சொல்லியும் எங்களுக்கு அவர் டாக்டரம்மாதான். சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று படம் போட்ட அட்டைகளை நீட்டி, "இப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்பார். அண்ணன் மோந்து பார்த்துவிட்டுக் கீழே போடுவான். மாதக்கணக்கில் இதே கூத்துதான். அப்பாவுக்கு அலுத்துவிட்டது.

ஒருமுறை அண்ணன் பாதி பழுத்த கொத்து ஒன்றைக் கையிலிருந்து விடாமல் கொண்டுவந்தான். அதை உதிர்த்து மேசையில் வரிசையாக வைத்தான்: பச்சைக்காய், செங்காய், கறுத்த பழம். டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அன்றிலிருந்து பச்சை என்றால் நிம்மதி, செங்காய் என்றால் எரிச்சல், கறுப்பு என்றால் இனித் தாங்காது. போனில் மிஷின் சத்தத்தைச் சன்னமாக வைப்பார். அண்ணன் கறுத்த பழத்தைத் தள்ளியதும் நிறுத்திவிடுவார். சில வாரங்களில் அவன் தலையை மோதுவதற்கு முன்னால் பழத்தைத் தேடினான்.

அடுத்து, வீட்டு ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் பச்சை எடுத்தேன். அப்பா செங்காய்.

"எனக்கெதுக்குங்க, அவனப் பாருங்க" என்றாள் அம்மா.

"நீங்களும் எடுங்கம்மா. ஒண்ணும் சொல்ல வேணாம்."

அம்மா கறுத்த பழத்தை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு வெகுநேரம் பேசினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா மோட்டார் ரூமிலிருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் சித்தப்பா வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனார்.

"இங்கன வச்சுப் பூட்டுடா. நான் வந்து கேட்டாத்தான் குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுத்துராத. டாக்டரம்மா சொல்லிருக்காக."

அதற்குப் பிறகு மருந்தடிக்கும் நாட்களில் அப்பா ஆள் வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். அம்மாவின் புறங்கை வீக்கம் மெல்ல வற்றியது. இன்று தழும்புதான் இருக்கிறது.

அண்ணன் எடுத்துக் குடித்துவிடுவானோ என்றுதான் அப்பா மருந்தை ஒளிக்கிறார் எனச் சின்னப்பிள்ளையாக இருந்த நான் நினைத்தேன். அம்மா தனக்கென்று எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. கறுத்தால்தானே பழம் இனிக்கும். இருப்பதிலேயே நல்லதை அவள் எடுத்துக்கொண்டாள் என்று அன்று எனக்கு அத்தனை சந்தோஷம்.