கட்டைவிரல் போட்டேன்

1. காதில் விழுவதை அடி

கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்த முதல் நாள், அலுவலகத் தலைமை எழுத்தரான சிரஸ்தார் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். "காதுல விழறதை அடிம்மா. மனசுல தோணறதை அடிக்காத."

பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். அடுத்தவர் பேசுவதை அடித்தால் போதும் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. ஒன்றுதான் கஷ்டம். சாட்சி சொன்னதை அடித்து முடித்ததும், அதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால்தான் கையெழுத்து. நாள் முழுக்க அடிக்கச் சொன்னால் அடிப்பேன், நாலு வரி படிக்கச் சொன்னால் முணுமுணுப்பேன். சில சாட்சிகள் அவசரத்தில் படிக்கவே விடாமல் கையெழுத்துப் போட வருவார்கள். எங்கள் நீதிபதி விட மாட்டார்.

அந்தப் பிடிவாதம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது சரோஜா அம்மாவின் வழக்கில்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

2. பின்கட்டு

சரோஜா அம்மா பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாரம் என்ற பகுதியில் அப்பா விட்டுப்போன வீடு. முன்கட்டில் தம்பி குமார் குடும்பம், பின்கட்டில் இவர் தனியாக. பின்கட்டை இடித்துவிட்டு டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்டப் போவதாகக் குமார் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார். சரோஜா அம்மா அதற்குக் கட்டைவிரல் படம் போட்டார். அடுத்த வாரம் ஆள் வந்து கூரை ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்ததும் தடை கேட்டுக் கோர்ட்டுக்கு ஓடி வந்தார். அக்கா சம்மதித்துவிட்டார் என்பது குமார் தரப்பு. குரூப் செய்திகளை பிரிண்ட் எடுத்து, செல்லில் இருந்தபடியே எடுத்தது என்ற முறைப்படியான சர்டிபிகேட்டோடு அவர்களே தாக்கல் செய்திருந்தார்கள்.

செல்போன் செய்தியைச் சாட்சியமாக ஏற்கச் சட்டத்தில் வழி வந்துவிட்டது. அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

குறுக்கு விசாரணையில் குமாரின் வக்கீல் கேட்டார். "மெசேஜைப் பாத்து கட்டைவிரல் போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன் சார்."

நான் அடித்தேன்: 'அந்தச் செய்தியைப் பார்த்துக் கட்டைவிரல் போட்டேன்.'

3. படித்துக் காட்டியபோது

முடிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகப் படிக்கச் சொன்னார் நீதிபதி. அந்த வரி வந்ததும் சரோஜா அம்மா என்னை நிறுத்தினார்.

"இரும்மா. நான் எங்க கைநாட்டு வச்சேன்? எட்டாவது படிச்சவ நான். பென்ஷனுக்கே கையெழுத்துதான் போடறேன்."

கோர்ட்டே சிரித்தது. குமாரின் வக்கீலும் சிரித்துக்கொண்டே எழுந்தார். செல்லில் போட்டதைத்தான் சொல்கிறோம், எதுவானாலும் சம்மதம் சம்மதம்தானே என்றார்.

நீதிபதி சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணான்னுதான் சார் நான் தீர்ப்பு சொல்லணும். பதிவுலயே ஒண்ணாயிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

வரியைத் திருத்தச் சொன்னார். 'கட்டைவிரலை உயர்த்திய கை போன்ற சிறு படத்தை அனுப்பினேன்' என்று அடித்தேன். பிறகு, என்ன நினைத்து அனுப்பினீர்கள் என்று சரோஜா அம்மாவையே கேட்டார்.

"பாத்துட்டேன்னு அர்த்தம்யா. போடலன்னா, அக்கா மெசேஜ் பாக்கலியான்னு இவனே போன் பண்ணுவான்."

சரோஜா அம்மாவின் வக்கீல் அந்த பிரிண்ட்டைக் கையில் எடுத்தார். அதுவரை எல்லாரும் இடிக்கும் செய்தியை மட்டும்தான் பார்த்திருந்தோம். அதற்கு மேலே, சித்தப்பா இறந்துவிட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள் என்று ஒரு செய்தி. அதன் கீழும் அதே கட்டைவிரல்.

"இதுவும் நீங்க போட்டதாம்மா?"

"ஆமா. எடுக்கற நேரம் தெரிஞ்சுகிட்டேன்னு போட்டேன். சித்தப்பா சாவுக்கு சம்மதம்னா போடுவேன்? இவனுந்தான் போட்டிருக்கான், பாருங்க."

குமாரும் போட்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கியதாகத்தான் எனக்குப் பட்டது.

4. ஒப்புக்கொள்வது

தீர்ப்பையும் நான்தான் அடித்தேன். வியாபாரிகள் இருவருக்கு நடுவே அந்தப் படம் சம்மதமாக இருக்கலாம், இந்தக் குடும்பத்தில் அது 'பார்த்தேன்' என்பது மட்டுமே, ஆளையும் பழக்கத்தையும் பார்த்துத்தான் அர்த்தம் கொள்ள வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். பின்கட்டை இடிக்கத் தடை.

புதிதாக எது வந்தாலும் கோர்ட் திணறும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நேற்று வந்த படத்துக்கு, படித்துக் காட்டும் பழைய வழக்கமே வழி சொன்னது. காதில் விழுவதை அடிக்க வேண்டும். அடித்ததை, சொன்னவர் காதில் விழும்படி திருப்பிப் படிக்கவும் வேண்டும்.

சரோஜா அம்மா தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார். இடிக்கத் தடை என்ற வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னார்.

"உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமேம்மா."

"தெரியும். நீ படிச்சாத்தான் ஒத்துக்குவேன்."

படித்தேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.